2005 நியூயார்க் நகரப் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம்

2005 நியூயார்க் நகரப் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் சுரங்க ரயில், பேருந்துப் பணியாளர்கள் 2005 டிசம்பர் 20 முதல் 22 வரை நடத்திய வேலைநிறுத்தம் ஆகும். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் 100-வது கிளை இதனை நடத்தியது. புதிய தொழில் ஒப்பந்தம் குறித்துப் பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துடன் நடந்த பேச்சுவார்த்தை முறிந்ததே இதற்குக் காரணம். 1980-க்குப் பின்னர் அந்நகரின் பொதுப் போக்குவரத்து வேலைநிறுத்தத்தால் முற்றாக நின்றது இதுவே முதன்முறையாகும்.

நியூயார்க் மாநிலச் சட்டப்படி அரசுத்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. அத்தடையை மீறியே இப்போராட்டம் நடைபெற்றது. பேச்சுவார்த்தையின் இறுதிக் கட்டத்தில் தீராமல் நின்ற பெரும் சிக்கல், ஏற்கெனவே பணியில் இருந்தோரின் ஊதியம் அன்று. இனிமேல் பணியில் சேரவிருப்போரின் ஓய்வூதியம் ஆகும். போராட்டத்தின் பின் எட்டப்பட்ட உடன்பாட்டைத் தொழிலாளர்களே ஏழு வாக்கு வேறுபாட்டில் நிராகரித்தனர். இதனால் தொழிற்சங்க வரலாறு, தொழிலாளர் சட்டம் ஆகியவற்றைக் கற்போர் இந்நிகழ்வை எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு.

தொழிற்சங்கமும் ஆணையமும்

போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் 1934-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் தோற்றுவிக்கப்பட்டது. அக்காலத்தில் நகரின் சுரங்க ரயில் பாதைகளில் பெரும்பாலானவற்றைத் தனியார் நிறுவனங்கள் இயக்கி வந்தன. தொழிலாளர்களில் பலர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள். சங்கத்தை உருவாக்கியோருள் முதன்மையானவரான மைக் குவில் (1905–1966) அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் பிறந்தவர். 1940-இல் நகர அரசு தனியார் பாதைகளை வாங்கியதும், சங்கத்தின் உறுப்பினர்கள் அரசுத்துறை ஊழியர்கள் ஆயினர். வேலைநிறுத்த உரிமை பற்றிய சிக்கல் இந்த மாற்றத்திலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

சங்கத்தின் 100-வது கிளை நியூயார்க் நகரப் பணியாளர்களுக்கு உரியது. 2005-இல் சுமார் 34,000 பேர் இதில் உறுப்பினர்களாக இருந்தனர். ரயில் ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பேருந்து ஓட்டுநர்கள், நிலையப் பணியாளர்கள், துப்புரவாளர்கள், தண்டவாளப் பணியாளர்கள், பணிமனைத் தொழிலாளர்கள் எனப் பல பிரிவினர் இதில் அடங்குவர். 2005-இல் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் ஆவர். அப்போது கிளையின் தலைவராக இருந்த ரோஜர் டூசைன்ட் டிரினிடாட் தீவில் பிறந்தவர். தண்டவாளப் பணியாளராக வேலை செய்தவர். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் வென்று தலைவரானவர்.

பெருநகரப் போக்குவரத்து ஆணையம் நியூயார்க் மாநில அரசின் சட்டத்தால் உருவாக்கப்பட்ட பொது நிறுவனம் ஆகும். நகரின் சுரங்க ரயில்களும் பேருந்துகளும் 1968 முதல் இதன் கீழ் உள்ளன. இதன் தலைவரை மாநில ஆளுநர் நியமிக்கிறார். நகர மேயருக்கு ஆணையத்தின் குழுவில் சில இடங்களைப் பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே உண்டு. எனவே நகரின் போக்குவரத்து நின்றால் முதலில் பதில் கூற வேண்டியவர் மேயராக இருந்தாலும், பேச்சுவார்த்தையில் முடிவெடுக்கும் அதிகாரம் பெரிதும் ஆளுநர் தரப்பிடமே இருந்தது. 2005-இல் ஆணையத்தின் தலைவராகப் பீட்டர் கலிகோவும், ஆளுநராக ஜார்ஜ் பட்டாக்கியும், மேயராக மைக்கேல் புளூம்பெர்க்கும் பதவியில் இருந்தனர்.

முந்தைய வேலைநிறுத்தங்கள்

1966

1966 ஜனவரி 1-ஆம் நாள் விடியற்காலையில் நகரின் முதலாவது முழுமையான போக்குவரத்து வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜான் லின்ட்சே மேயராகப் பொறுப்பேற்றதும் அதே நாளில்தான். வேலைநிறுத்தத்தைத் தடை செய்து நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை மைக் குவில் ஏற்க மறுத்தார். அவரும் பிற தலைவர்கள் எண்மரும் ஜனவரி 4 அன்று சிறையிலடைக்கப்பட்டனர். அங்கு நெஞ்சுவலியால் பாதிக்கப்பட்ட குவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். பன்னிரண்டு நாட்கள் நீடித்த வேலைநிறுத்தம் குறிப்பிடத்தக்க ஊதிய உயர்வுடன் முடிவுற்றது. குவில் அதே மாதம் 28-ஆம் நாள் காலமானார்.

1980

1980 ஏப்ரல் 1-ஆம் நாள் தொடங்கிய இரண்டாவது வேலைநிறுத்தம் பதினொரு நாட்கள் நீடித்தது. பணவீக்கம் மிகுந்திருந்த அக்காலத்தில் ஊதிய உயர்வே முக்கியக் கோரிக்கையாக இருந்தது. அப்போதைய மேயர் எட் காக், புரூக்ளின் பாலத்தில் நின்று நடந்து வருவோரை ஊக்கப்படுத்தியது பரவலாக அறியப்பட்ட காட்சியாகும். தொழிலாளர்கள் ஊதிய உயர்வு பெற்றனர்; எனினும் வேலைநிறுத்தத் தடைச் சட்டத்தின்படி அபராதமும் செலுத்த நேர்ந்தது. ஆகவே இதன் பின்னர் இருபத்தைந்து ஆண்டுகள் வரை, ஒப்பந்தம் முடிவுறும் போதெல்லாம் வேலைநிறுத்த எச்சரிக்கை விடப்பட்டதேயன்றி வேலைநிறுத்தம் நடைபெறவில்லை.

டெய்லர் சட்டம்

1947 முதல் நடைமுறையில் இருந்த காண்டன்-வாட்லின் சட்டம், வேலைநிறுத்தம் செய்யும் அரசுத்துறை ஊழியரைப் பணிநீக்கம் செய்ய வகை செய்தது. அவர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டாலும் மூன்று ஆண்டுகளுக்கு ஊதிய உயர்வு பெறமுடியாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தால் இத்தண்டனையை நடைமுறைப்படுத்த இயலாது என்பது 1966-இல் தெளிவாயிற்று. வேலைநிறுத்தம் செய்த போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குச் சட்டமன்றமே தனிச் சட்டத்தின் மூலம் விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று.

இதைத் தொடர்ந்து ஆளுநர் நெல்சன் ராக்பெல்லர், பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் டெய்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். அக்குழுவின் பரிந்துரைகளின் அடிப்படையில் 1967-இல் நடைமுறைக்கு வந்த சட்டமே அவர் பெயரால் டெய்லர் சட்டம் என வழங்கப்படுகிறது. இச்சட்டத்தின் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

அரசுத்துறை ஊழியர்கள் சங்கம் அமைத்துக் கூட்டுப் பேரம் நடத்தும் உரிமை பெறுகின்றனர். நிர்வாகம் அச்சங்கத்துடன் பேசியே ஆக வேண்டும். பேச்சுவார்த்தை முறிந்தால் சமரசர்களை நியமிக்கப் பொதுத்துறை வேலைவாய்ப்பு உறவுகள் வாரியம் என்ற அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. நகரப் போக்குவரத்துத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை, சமரசமும் பயனளிக்காதபோது மூவர் கொண்ட நடுவர் குழு தீர்ப்பளிக்கும். அக்குழுவில் நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், சங்கத்தின் சார்பில் ஒருவர், பொதுவான தலைவர் ஒருவர் இடம்பெறுவர். அக்குழுவின் தீர்ப்பு இருதரப்பையும் கட்டுப்படுத்தும்.

இவ்வுரிமைகளுக்கு ஈடாக வேலைநிறுத்தம் தடை செய்யப்படுகிறது. வேலைநிறுத்தம் செய்யும் ஊழியர், பணிக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் அந்நாளின் ஊதியத்தை இழப்பதோடு, மேலும் ஒரு நாள் ஊதியத்தை அபராதமாகவும் செலுத்த வேண்டும். எனவே மூன்று நாட்கள் வேலைநிறுத்தம் செய்பவர் ஆறு நாள் ஊதியத்தை இழப்பார். சங்கத்தின் மீது நீதிமன்றம் தனியாக அபராதம் விதிக்கலாம். உறுப்பினர்களின் ஊதியத்திலிருந்து சங்கச் சந்தாவை நிர்வாகமே பிடித்துத் தரும் வசதியும் நிறுத்தப்படலாம்.

1982-இல் செய்யப்பட்ட திருத்தம் ஒன்றின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் புதிய ஒப்பந்தம் ஏற்படும் வரை பழைய விதிமுறைகளே தொடர வேண்டும். இது டிரைபரோ திருத்தம் எனப்படுகிறது. ஒப்பந்தம் இல்லாத இடைக்காலத்திலும் தொழிலாளரின் ஊதியமோ சலுகைகளோ குறைக்கப்படாமல் இருக்க இத்திருத்தம் உதவுகிறது. ஆயினும் வேலைநிறுத்தம் செய்யும் சங்கத்திற்கு இப்பாதுகாப்புக் கிடைக்காது.

2005 பேச்சுவார்த்தை

இருதரப்புக் கோரிக்கைகள்

2002 டிசம்பரில் ஏற்பட்ட ஒப்பந்தம் 2005 டிசம்பர் 15 நள்ளிரவில் முடிவடையவிருந்தது. அம்மூன்றாண்டு ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் ஊதிய உயர்வு இல்லை; அதற்குப் பதிலாக 1,000 டாலர் ஒருமுறைத் தொகையாக வழங்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 3 விழுக்காடு வீதம் உயர்வு அளிக்கப்பட்டது. நிர்வாகத்தின் நிதிநிலை மோசமாக உள்ளது என்ற காரணம் அப்போது கூறப்பட்டது. 2005-இலோ ஆணையத்தின் கணக்கில் 100 கோடி டாலர் அளவில் உபரி இருந்தது. ஆகவே இழந்ததை ஈடு செய்யும் காலம் வந்துவிட்டதாகத் தொழிலாளர்கள் கருதினர். உபரி தற்காலிகமானது என்றும், வரும் ஆண்டுகளில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, கடன் ஆகியவற்றின் செலவால் பெரும் பற்றாக்குறை ஏற்படும் என்றும் ஆணையம் கூறியது.

சங்கம் ஆண்டுக்கு 8 விழுக்காடு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு ஊதிய உயர்வு கோரியது. இத்துடன் பணியிட மரியாதை பற்றிய கோரிக்கையும் முன்வைக்கப்பட்டது. ஓராண்டில் 15,000-க்கும் மேற்பட்ட ஒழுங்கு நடவடிக்கை அறிவிப்புகள் தொழிலாளர்களுக்கு வழங்கப்படுவதாகச் சங்கம் குற்றம் சாட்டியது. ஏறத்தாழ 34,000 பேர் பணியாற்றும் இடத்தில் இவ்வெண்ணிக்கை மிக அதிகமானது என்பது சங்கத்தின் வாதம். நிர்வாகமோ, ஒரே பணியாளர் பல வகை வேலைகளைச் செய்யும் வகையில் பணிப்பிரிவுகளை இணைக்க விரும்பியது. சில பாதைகளில் நடத்துநர் இன்றி ஓட்டுநர் மட்டுமே ரயிலை இயக்கும் முறையையும் அது முன்மொழிந்தது. வேலையிழப்பும் பயணிகளின் பாதுகாப்பும் கருதிச் சங்கம் இதனை எதிர்த்தது.

ஓய்வூதியச் சிக்கல்

நடைமுறையில் இருந்த ஏற்பாட்டின்படி, 25 ஆண்டுகள் பணிபுரிந்த தொழிலாளர் 55 வயதில் பாதி ஊதியத்தை ஓய்வூதியமாகப் பெற்று ஓய்வுபெறலாம். இதற்காக அவர்கள் தம் ஊதியத்தில் 2 விழுக்காட்டைச் செலுத்தி வந்தனர். புதிதாகச் சேர்வோருக்கு ஓய்வு வயதை 62 ஆக உயர்த்த வேண்டும் என்று ஆணையம் முதலில் கோரியது. சங்கம் இதை முற்றிலும் மறுத்தது. இரும்புத்தூசி நிறைந்த சுரங்கப் பாதைகளிலும், ஓடும் ரயில்களுக்கு இடையே தண்டவாளங்களிலும், இரவுப் பணிகளிலும் உழைப்போர் அவ்வயது வரை பணிபுரிய முடியாது என அது கூறியது.

கடைசி நேரத்தில் ஆணையம் ஓய்வு வயது பற்றிய கோரிக்கையைக் கைவிட்டது. அதற்கு மாற்றாக, புதிதாகச் சேர்வோர் முதல் பத்து ஆண்டுகளுக்கு 2 விழுக்காட்டுக்குப் பதிலாக 6 விழுக்காடு செலுத்த வேண்டும் என்று முன்மொழிந்தது. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 50,000 டாலர் ஊதியம் பெறுபவர் 1,000 டாலர் செலுத்துவதற்குப் பதில் 3,000 டாலர் செலுத்த வேண்டும். பத்து ஆண்டுகளில் இவ்வேறுபாடு 20,000 டாலர் ஆகும்.

இவ்வாறு பழையவர்களுக்கு ஒரு விதி, புதியவர்களுக்கு வேறொரு விதி என வகுப்பது இரு அடுக்கு முறை எனப்படுகிறது. ஒப்பந்தத்தின் மீது வாக்களிப்பவர்கள் இன்றைய உறுப்பினர்கள். சுமையை ஏற்பவர்களோ இன்னும் பணியில் சேராதவர்கள். ஆகவே நிர்வாகங்கள் செலவைக் குறைக்க விரும்பும்போது இம்முறை எளிதில் ஏற்கப்படக்கூடியதாக இருக்கிறது. ஆனால் ஒரே ரயிலில் ஒரே வேலையைச் செய்யும் இருவர் வெவ்வேறு தொகையை வீட்டுக்குக் கொண்டு செல்லும் நிலை, காலப்போக்கில் சங்கத்தின் ஒற்றுமையைக் குலைக்கும் என்பது எதிர்ப்பாளர்களின் கருத்தாகும். இன்னும் பிறவாத உறுப்பினர்களை விற்றுவிட மாட்டோம் என்ற பொருளில் டூசைன்ட் பலமுறை பேசினார்.

இச்சிக்கலுக்குச் சட்டக் கோணமும் உண்டு. அரசு ஓய்வூதியத் திட்டத்தின் பயன்கள் மாநிலச் சட்டமன்றத்தால் வரையறுக்கப்படுபவை. எனவே ஓய்வூதிய மாற்றத்தை ஒப்பந்தத்திற்கு நிபந்தனையாக வைப்பதே டெய்லர் சட்டத்திற்கு எதிரானது என்று சங்கம் வாதிட்டு, பொதுத்துறை வேலைவாய்ப்பு உறவுகள் வாரியத்தில் முறையிட்டது.

கெடு முடிவுறல்

டிசம்பர் 13 அன்று, மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் அலுவலகத்தின் வேண்டுகோளின் பேரில், நீதிபதி தியோடர் ஜோன்ஸ் வேலைநிறுத்தத்திற்குத் தடை ஆணை பிறப்பித்தார். மன்ஹாட்டனில் உள்ள விடுதி ஒன்றில் பேச்சுவார்த்தை தொடர்ந்து நடைபெற்றது. டிசம்பர் 16 அதிகாலையில் கெடு முடிந்தபோதும் சங்கம் உடனடியாக முழு வேலைநிறுத்தத்தில் இறங்கவில்லை. மாறாக, குவீன்ஸ் பகுதியில் இயங்கிய ஜமைக்கா, டிரைபரோ ஆகிய இரு தனியார் பேருந்து நிறுவனங்களின் ஊழியர்கள் டிசம்பர் 19 அன்று வேலைநிறுத்தம் செய்தனர். தனியார்துறை ஊழியர்கள் என்பதால் டெய்லர் சட்டத்தின் தடை அவர்களுக்குப் பொருந்தவில்லை.

ஆணையத்தின் இறுதி முன்மொழிவு மூன்று ஆண்டுகளுக்கு முறையே 3, 4, 3.5 விழுக்காடு ஊதிய உயர்வைக் கொண்டிருந்தது. 6 விழுக்காட்டு ஓய்வூதியப் பங்களிப்பும் அதில் இருந்தது. சங்கம் அதனை நிராகரித்தது. டிசம்பர் 20, செவ்வாய்க்கிழமை அதிகாலை 3 மணியளவில் வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டது. ஓய்வூதியக் கோரிக்கையால் முதல் மூன்று ஆண்டுகளில் ஆணையத்திற்கு மிச்சமாகும் தொகை 2 கோடி டாலருக்கும் குறைவு என அக்காலச் செய்திகள் குறிப்பிட்டன. ஆணையத்தின் பார்வையில், அக்கோரிக்கையின் பயன் உடனடியாகக் கிடைப்பது அன்று. பழைய தொழிலாளர்கள் ஓய்வுபெற்று, புதியவர்கள் பெருகும்போது கிடைப்பதாகும். சங்கம் அதை எதிர்த்ததும் அதே காரணத்தினால்தான்.

வேலைநிறுத்தம்

நகரின் நிலை

நியூயார்க்கின் சுரங்க ரயில்களையும் பேருந்துகளையும் அப்போது நாள்தோறும் சுமார் 70 இலட்சம் பேர் பயன்படுத்தி வந்தனர். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்தைய வாரமாதலால் வணிகம் மிகுந்திருந்த நேரம் அது. கடும் குளிரும் நிலவியது. மக்கள் மேலங்கிகளை அணிந்து கொண்டு புரூக்ளின் பாலத்தையும் பிற பாலங்களையும் நடந்தே கடந்தனர். மேயர் புளூம்பெர்க்கும் அவ்வாறே நடந்து சென்றார். பலர் மிதிவண்டிகளைப் பயன்படுத்தினர்.

நகர நிர்வாகம் முன்னரே தயாரித்திருந்த அவசரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. காலை 5 மணி முதல் 11 மணி வரை, மன்ஹாட்டனில் 96-வது தெருவிற்குத் தெற்கே செல்லும் கார்களில் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும் என ஆணையிடப்பட்டது. வாடகைக் கார்கள் ஒரே பயணத்தில் பலரை ஏற்றிக்கொண்டு மண்டல அடிப்படையில் கட்டணம் பெற அனுமதிக்கப்பட்டன. பள்ளிகள் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கின. புறநகர் ரயில்கள் வழக்கம்போல் ஓடின. அவற்றின் ஊழியர்கள் வேறு சங்கங்களைச் சேர்ந்தவர்கள். முதல் நாள் மட்டும் நகரின் பொருளாதார இழப்பு 40 கோடி டாலர் வரை இருக்கலாம் என நகர நிர்வாகம் மதிப்பிட்டது. சிறு கடைக்காரர்களும், வேலைக்குச் செல்ல இயலாத நாட்கூலித் தொழிலாளர்களும் அதிகம் பாதிக்கப்பட்டனர்.

எதிர்வினைகள்

மேயரும் ஆளுநரும் வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதமானது எனக் கண்டித்தனர். வேலைநிறுத்தம் முடியும் வரை பேச்சுவார்த்தை கூடாது என்பது அவர்களின் நிலைப்பாடு. சங்கத் தலைவர்கள் முரடர்களைப் போல நடந்து கொண்டதாக மேயர் கூறியது கடும் விவாதத்தை எழுப்பியது. பெரும்பான்மையோர் வெள்ளையர் அல்லாத ஒரு சங்கத்தைப் பற்றி அத்தகைய சொல்லைப் பயன்படுத்தியது இனப்பாகுபாட்டைத் தூண்டுவது எனச் சங்கத்தினரும் சில சமூகத் தலைவர்களும் குற்றம் சாட்டினர். மேயர் தரப்பு இதனை மறுத்தது.

சங்கத்தின் உள்ளேயும் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் தேசியத் தலைவர் மைக்கேல் ஓ'பிரையன் வேலைநிறுத்தத்தை ஆதரிக்க மறுத்து, உறுப்பினர்களைப் பணிக்குத் திரும்புமாறு கேட்டுக்கொண்டார். எனினும் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலானோர் போராட்டத்தில் நிலைத்து நின்றனர். குவீன்ஸ், ஸ்டேட்டன் தீவு ஆகிய பகுதிகளின் பேருந்து ஊழியர்களைக் கொண்ட வேறிரு சங்கங்களும் போராட்டத்தில் இணைந்தன.

நீதிமன்றமும் போராட்டத்தின் முடிவும்

வேலைநிறுத்தத்தின் முதல் நாளிலேயே நீதிபதி ஜோன்ஸ் சங்கத்தின் மீது நாளொன்றுக்கு 10 இலட்சம் டாலர் அபராதம் விதித்தார். டிசம்பர் 22 அன்று சங்கத் தலைவர்கள் நேரில் முன்னிலையாக வேண்டும் எனவும், அவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்படலாம் எனவும் அறிவித்தார். இதற்கிடையே பொதுத்துறை வேலைவாய்ப்பு உறவுகள் வாரியம் நியமித்த மூன்று சமரசர்கள் இருதரப்பினரையும் தனித்தனியே சந்தித்தனர். புதியவர்களின் ஓய்வூதியப் பங்களிப்பைக் கைவிட்டு, அச்செலவை மருத்துவக் காப்பீட்டின் வழியாக ஈடுசெய்யலாம் என்ற யோசனை உருவாயிற்று. இதன் அடிப்படையில் டிசம்பர் 22 பிற்பகலில் கிளையின் செயற்குழு பணிக்குத் திரும்ப முடிவு செய்தது. மறுநாள் காலைக்குள் போக்குவரத்து சீரடைந்தது. அப்போது ஒப்பந்தம் எதுவும் கையொப்பமாகியிருக்கவில்லை.

உடன்பாடும் ஏழு வாக்குகளும்

டிசம்பர் 27 அன்று இருதரப்பும் உடன்பாடு எட்டியதாக அறிவித்தன. இதன் காலம் 37 மாதங்கள். முடிவு நாள் 2009 ஜனவரி 15. ஊதிய உயர்வு 3, 4, 3.5 விழுக்காடாகவே இருந்தது. ஒப்பந்தம் முடியும் நாள் டிசம்பரிலிருந்து ஜனவரிக்கு மாற்றப்பட்டதால், பண்டிகைக் காலத்தில் வேலைநிறுத்த அச்சுறுத்தல் விடுக்கும் வாய்ப்பைச் சங்கம் இழந்தது. ஓய்வூதியத்தில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறையாக ஏற்கப்பட்டது. முன்னர் ஓய்வூதியத்திற்குக் கூடுதலாகச் செலுத்திய தொகையை ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடும் இருந்தது.

இவற்றுக்கு ஈடாகத் தொழிலாளர்கள் அனைவரும் முதன்முறையாக மருத்துவக் காப்பீட்டிற்குத் தம் ஊதியத்தில் 1.5 விழுக்காடு செலுத்த வேண்டும். மேற்கூறிய 50,000 டாலர் ஊதியம் பெறுபவருக்கு இது ஆண்டுக்கு 750 டாலர் ஆகும். எதிர்காலத் தொழிலாளர்கள் மீது மட்டும் விழவிருந்த சுமை, இவ்வாறு அன்றைய தொழிலாளர்கள் அனைவர் மீதும் பகிர்ந்து விழுந்தது. ஒற்றுமையின் விலை இது எனத் தலைமை கருதியது. வேலைநிறுத்தம் செய்து, ஆறு நாள் ஊதியத்தை இழந்து, கடைசியில் புதிய பிடித்தம் ஒன்றைப் பெற்றோம் எனச் சங்கத்தின் எதிரணியினர் பிரசாரம் செய்தனர்.

2006 ஜனவரி 20 அன்று வாக்கெடுப்பின் முடிவு வெளியாயிற்று. உடன்பாட்டிற்கு ஆதரவாக 11,227 வாக்குகளும் எதிராக 11,234 வாக்குகளும் கிடைத்தன. மொத்தம் 22,461 வாக்குகளில் ஏழு வாக்கு வேறுபாட்டில் உடன்பாடு தோல்வியடைந்தது.

இதன் பின்னர் ஆணையம் தன் பழைய கோரிக்கைகளுடன் நடுவர் தீர்ப்பை நாடியது. நடுவர் தீர்ப்பு மேலும் பாதகமாக அமையலாம் என்ற அச்சம் தொழிலாளர்களிடையே பரவியது. 2006 ஏப்ரலில் சங்கம் அதே உடன்பாட்டை மீண்டும் வாக்கெடுப்பிற்கு விட்டது. இம்முறை 14,716 பேர் ஆதரவாகவும் 5,877 பேர் எதிராகவும் வாக்களித்தனர். ஆனால் ஒருமுறை நிராகரிக்கப்பட்ட உடன்பாடு தன்னைக் கட்டுப்படுத்தாது என ஆணையம் கூறிவிட்டது. முடிவில் 2006 டிசம்பரில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. ஊதிய உயர்வும் மருத்துவக் காப்பீட்டுப் பங்களிப்பும் முந்தைய உடன்பாட்டில் இருந்தவாறே அமைந்தன.

தண்டனைகள்

பணிக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் ஊதியம் என்ற விதி தொழிலாளர்கள் மீது நடைமுறைப்படுத்தப்பட்டது. 2006 ஏப்ரலில் நீதிபதி ஜோன்ஸ் சங்கத்திற்கு 25 இலட்சம் டாலர் அபராதமும், டூசைன்டிற்குப் பத்து நாள் சிறைத்தண்டனையும் விதித்தார். ஏப்ரல் 24 அன்று டூசைன்ட் ஆதரவாளர்களுடன் புரூக்ளின் பாலத்தை நடந்து கடந்து மன்ஹாட்டன் சிறைக்குச் சென்றார். சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் நடந்த சங்கத் தேர்தலில் அவர் மீண்டும் வெற்றி பெற்றார்.

சந்தாப் பிடித்தம் நிறுத்தப்பட்டதே சங்கத்திற்கு மிகவும் பாதகமான தண்டனையாக அமைந்தது. 2007-இன் நடுப்பகுதி முதல் 2008-இன் இறுதி வரை இத்தடை நீடித்தது. அக்காலத்தில் ஒவ்வோர் உறுப்பினரிடமும் தனித்தனியே சந்தா பெற வேண்டியிருந்ததால் சங்கத்தின் வருவாய் பெரிதும் குறைந்தது. வேலைநிறுத்த உரிமை தனக்கு உண்டு எனச் சங்கம் இனிக் கோராது என்று நீதிமன்றத்தில் உறுதியளித்த பின்னரே பிடித்தம் மீண்டும் தொடங்கியது.

பின்விளைவுகள்

சங்கம் டெய்லர் சட்டத்திற்கு எதிராகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் முறையிட்டது. அவ்வமைப்பின் சங்க உரிமைக் குழு 2011-இல் வெளியிட்ட அறிக்கையில், போக்குவரத்து என்பது வேலைநிறுத்தத்தை முற்றாகத் தடை செய்யும் அளவிற்கு இன்றியமையாத சேவைகளுள் அடங்காது என்ற தன் பொதுக் கொள்கையை நினைவூட்டியது. இக்குழுவின் பரிந்துரைகள் அமெரிக்க நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல. டெய்லர் சட்டத்தின் வேலைநிறுத்தத் தடை மாற்றப்படவில்லை.

ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை, 2005-இல் பேச்சுவார்த்தை மேசையில் கைவிடப்பட்ட கோரிக்கை பின்னர் வேறு வழியில் வந்தது. 2012-இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் ஆறாம் அடுக்கு எனப்படும் புதிய ஓய்வூதியப் பிரிவை ஏற்படுத்தியது. அதன்படி அவ்வாண்டு ஏப்ரல் முதல் புதிதாகச் சேரும் மாநில, நகர ஊழியர்களிடம் ஊதியத்திற்கேற்ப உயரும் பங்களிப்பு முறை கொண்டு வரப்பட்டது. சட்டத்தின் மூலம் செய்யப்பட்ட மாற்றம் என்பதால் எந்தச் சங்கத்தின் வாக்கெடுப்பும் இதற்குத் தேவைப்படவில்லை. மருத்துவக் காப்பீட்டிற்கான பங்களிப்பும் 2014 ஒப்பந்தத்தில் 1.5 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாக உயர்ந்தது.

2009-இல் நடுவர் தீர்ப்பின் மூலமும், 2014, 2017, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் பேச்சுவார்த்தையின் மூலமும் அடுத்தடுத்த ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. இவை யாவும் வேலைநிறுத்தமின்றியே முடிவாயின.

மதிப்பீடு

இவ்வேலைநிறுத்தம் வெற்றியா தோல்வியா என்பது குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. சட்டத்தை மீறியதால் சங்கம் பெரும் இழப்பைச் சந்தித்தது என்றும், போராட்டமின்றியே கிடைத்திருக்கக்கூடிய ஊதிய உயர்வையே அது பெற்றது என்றும் ஒரு சாரார் கூறுகின்றனர். ஓய்வு வயதையும் பங்களிப்பையும் மாற்றும் முயற்சி தடுக்கப்பட்டது என்றும், 2005-க்கும் 2012-க்கும் இடையே பணியில் சேர்ந்தோர் பழைய விதிகளின்படியே ஓய்வூதியம் பெறும் உரிமையை அடைந்தனர் என்றும் மற்றொரு சாரார் சுட்டிக்காட்டுகின்றனர். அவ்வுரிமையைப் பெற்றவர்களில் எவரும் வேலைநிறுத்தம் நடந்தபோது சங்கத்தின் உறுப்பினராக இருக்கவில்லை. அதற்கான ஊதிய இழப்பையும் அபராதத்தையும் அவர்களுக்கு முன்னர் பணியில் இருந்தவர்களே ஏற்றனர்.